கவிச்சி சொல்லும் சேதி

மீன் அரிந்த கையைக் கட்டிச் சோப்பு போட்டுக் கழுவினால் வாடை போவதில்லை. பல சமயம் முன்பைவிடத் தூக்கலாகவே அடிக்கிறது. அதே கையில் புளித்தண்ணியையோ பிழிந்த எலுமிச்சை மூடியையோ தேய்த்தால் சட்டென்று அடங்கிவிடுகிறது. மீன் புழங்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. குழம்பில் புளி தூக்கலாக ஏறுவதும், வறுவலோடு எலுமிச்சைத் துண்டு வருவதும், கழுவும்போதே கல்லுப்பும் புளியும் போட்டுப் பிசறி வைப்பதும் ருசிக்காக மட்டும் வந்த வழக்கங்கள் அல்ல. இவ்வளவுக்கும் பின்னால் இருப்பது 13 அணுக்களே கொண்ட ஒரு மூலக்கூறு. அதன் பெயர் டிரைமெத்திலமீன்.

அம்மோனியாவின் நெருங்கிய உறவு இது. அம்மோனியாவில் நடுவே ஒரு நைட்ரஜன், அதைச் சுற்றி 3 ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன்களில் ஒன்றையோ இரண்டையோ மூன்றையுமோ எடுத்துவிட்டு அங்கே கார்பன் தொகுதிகளை வைத்தால் கிடைப்பவைதாம் அமீன்கள். 1849இல் பிரெஞ்சு வேதியியலாளர் அடோல்ஃப் உர்ட்ஸ் இந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினர்களைத் தயாரித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், அப்போது லண்டனில் இருந்த ஜெர்மானியர் ஹோஃப்மன், அம்மோனியாவின் மூன்று ஹைட்ரஜன்களையும் ஒவ்வொன்றாக மாற்ற முடியும் என்று காட்டினார். மூன்று இடத்திலும் மெத்தில் தொகுதியை உட்காரவைத்தால் டிரைமெத்திலமீன்: ஒரு நைட்ரஜன், 3 கார்பன், 9 ஹைட்ரஜன்.

இது நிறமில்லாத வாயு. கொதிநிலை 2.9 டிகிரி செல்சியஸ். ஆகவே நம் ஊர் வெப்பத்தில், அழுத்தமில்லாமல் இருக்கும்வரை, எப்போதும் வாயுதான். தண்ணீரில் தாராளமாகக் கரையும். நூறு கோடிப் பங்கு காற்றில் ஒன்றிரண்டு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். அவ்வளவு குறைவாக இருக்கும்போது மீன் வாடை; அளவு கூடக் கூட மீன் மறைந்து அம்மோனியாவின் காரநெடி மேலோங்கும். இதை உணர்வதற்கென்றே நம் மூக்கில் டி.ஏ.ஏ.ஆர்.5 என்ற ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பிக்கான மரபணு சிலருக்குச் சற்று மாறியிருக்கிறது என்று 2020இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்படிப்பட்டவர்களிடம் மீன் வாடையை முகரக் கொடுத்தபோது, சிலர் அதை உருளைக்கிழங்கு என்றும் கேரமல் என்றும் ரோஜா என்றும்கூடச் சொன்னார்கள். ஒருவருக்குக் குமட்டுவது இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமல் போவதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல.

புளிக்கு இது ஏன் அடங்குகிறது? டிரைமெத்திலமீனின் நைட்ரஜனில் யாரோடும் பிணையாத ஓர் எலெக்ட்ரான் ஜோடி இருக்கிறது. அமிலம் எதுவானாலும், புளியின் டார்டாரிக் அமிலமோ எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ, ஒரு புரோட்டானை நீட்டினால் அந்த ஜோடி உடனே பற்றிக்கொள்ளும். பற்றியதும் மூலக்கூறுக்கு மின்னூட்டம் வந்துவிடுகிறது. அது உப்பாகித் தண்ணீரோடு தங்கிவிடுகிறது. உப்பு காற்றில் பறக்காது. பறக்காதது மூக்குக்கு எட்டாது. சோப்பு நேர் எதிர். கட்டிச் சோப்பு காரத்தன்மை உள்ளது. ஒட்டியிருந்த புரோட்டானை அது பிடுங்கிக்கொள்ள, உப்பாக அடங்கிக் கிடந்த அமீன் மறுபடி வாயுவாகிக் கிளம்புகிறது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மீன் கழுவிய முதல் தண்ணீரை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒன்றில் சுண்டைக்காய் அளவு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரையுங்கள் (கண்ணில் தெறிக்காமல்). மற்றதில் ஒரு கரண்டி புளிக்கரைசல். சுண்ணாம்புக் கிண்ணத்திலிருந்து கவிச்சி எழுந்து முகத்தில் அடிக்கும்; புளிக் கிண்ணத்தில் ஏறக்குறைய இல்லை. இப்போது சுண்ணாம்புக் கிண்ணத்திலும் புளியைத் தாராளமாக ஊற்றினால் அதுவும் அடங்கும். அமீன் எங்கும் போய்விடவில்லை. இரண்டு கிண்ணத்திலும் இருப்பது ஏறக்குறைய ஒரே அளவுதான். உருவம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, மீனுக்குள் இது எங்கிருந்து வந்தது? வலையிலிருந்து அப்போதே எடுத்த மீனில் கவிச்சி என்று சொல்லும்படி எதுவும் இருப்பதில்லை. கடற்கரையில் நின்று வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். உயிரோடு இருக்கும் கடல் மீனில் டிரைமெத்திலமீன் மிகக் குறைவு. இருப்பது அதன் ஆக்சைடு. நைட்ரஜனில் ஓர் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்ட வடிவம், வாடை அறவே இல்லாதது. கடல்நீரின் உப்பு, மீனின் உடலிலிருந்து தண்ணீரை ஓயாமல் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பைச் சமாளிக்க மீன்கள் தம் செல்களுக்குள் சேர்த்துவைக்கும் பொருள்களில் இந்த ஆக்சைடும் ஒன்று. ஆற்றிலும் ஏரியிலும் வளரும் விராலுக்கும் கெண்டைக்கும் அந்தத் தொல்லை இல்லை. எனவே அவற்றில் இது மிகவும் குறைவு. ஏரி மீனில் சிலருக்குப் பிடிக்காத அந்த மண் வாடை வேறு கதை. ஜியோஸ்மின் என்ற பொருள் அது, மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுவதும் அதுவே.

ஆக்சைடுக்கு இன்னொரு வேலை உண்டு. இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்கவைக்கும் பகுதி இதுதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 7,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 700 மடங்கு. அந்த அழுத்தத்தில் எலும்பு நொறுங்குவதைவிடப் பெரிய பிரச்சினை, புரதங்கள் தம் மடிப்பு குலைந்து வேலை செய்யாமல் போவது. ஆக்சைடு மூலக்கூறுகள் சுற்றியிருக்கும் நீரைத் தம்மோடு இறுகப் பிணைத்துக்கொள்கின்றன. புரதத்துக்குள் நீர் நுழைந்து அதைப் பிரித்துப்போட விடுவதில்லை. அதனால் ஆழம் கூடக் கூட மீனின் தசையில் ஆக்சைடின் அளவும் கூடிக்கொண்டே போகிறது. அமெரிக்க உயிரியலாளர் பால் யான்சியும் அவர் குழுவினரும் 2014இல், 7,000 மீட்டரில் பிடித்த நத்தைமீன்களில் இதை அளந்து பார்த்தார்கள். ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோட்டை நீட்டினால், சுமார் 8,200 மீட்டரில் மீனின் உடல் கடல்நீரைவிடச் செறிவாகிவிடும். அதற்குக் கீழே போனால் தண்ணீர் உள்ளே பாயத் தொடங்கும். ஆகவே மீன்கள் வாழக்கூடிய எல்லை ஏறக்குறைய அவ்வளவுதான் என்று கணித்தார்கள்.

2022இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவாரா அகழியில் இறக்கிய கேமராவுக்கு முன்னால் ஒரு நத்தைமீன் நீந்திப் போனது. ஆழம் 8,336 மீட்டர். இதுவரை மனிதர் கண்ட மீன்களில் மிக ஆழத்தில் இருந்தது அது. கணக்கு சொன்ன எல்லையிலிருந்து நூற்றுச் சொச்ச மீட்டர்தான் வித்தியாசம். சமுத்திரத்தின் அடி 10,900 மீட்டர்வரை போகிறது. அங்கே இறால் போன்ற சிற்றுயிர்கள் உண்டு, புழுக்கள் உண்டு, மீனை உறுதியாகக் கண்டவர் இல்லை. எங்கே மீன் வாழலாம், எங்கே முடியாது என்ற கோட்டைக் கிழிப்பது நம் அடுப்படி வாடையின் தாய்ப்பொருள்.

சுறாவும் திருக்கையும் இதில் வேறொரு வழி கண்டவை. அவை உடலில் யூரியாவைச் சேர்த்துவைக்கின்றன. யூரியா புரதத்தைக் குலைக்கும், ஆக்சைடு கட்டிக்காக்கும். இரண்டு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு ஆக்சைடு என்று ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன. சுறா கொஞ்சம் தாமதித்தாலும் மூக்கைத் துளைப்பதற்குக் காரணம் இது: யூரியாவிலிருந்து அம்மோனியா, ஆக்சைடிலிருந்து டிரைமெத்திலமீன், இரண்டும் சேர்ந்து வரும். சுறாப்புட்டுக்கு மீனை முதலில் வேகவைத்து, தோலை உரித்து, நீரைப் பிழிந்து, பிறகு உதிர்க்கிறோம். கரையக்கூடியவை எல்லாம் அந்த நீரோடு போய்விடுகின்றன.

மீன் செத்ததும் அதன் ஆக்சைடைத் தேடிப் பாக்டீரியாக்கள் வருகின்றன. அவற்றுக்கு அது உணவல்ல, மூச்சு. ஆக்சிஜன் தீர்ந்துபோன சதைக்குள், ஷெவனெல்லா, ஃபோட்டோபாக்டீரியம் போன்ற இனங்கள் ஆக்சைடிலுள்ள அந்த ஒரு ஆக்சிஜன் அணுவைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. ஆக்சிஜன் போனபின் எஞ்சுவது டிரைமெத்திலமீன். ஐஸில் வைத்தால் இது மெதுவாக நடக்கும், நிற்காது. மீன் தரம் பார்க்கும் ஆய்வகங்களில் இதையே அளக்கிறார்கள். 100 கிராம் சதையில் டிரைமெத்திலமீனாக உள்ள நைட்ரஜன் 10 முதல் 15 மில்லிகிராமைத் தொட்டால், பல கடல் மீன்களுக்கு அது விற்பனைக்கு உகந்த எல்லையைத் தாண்டிவிட்டதன் அடையாளம். செவுளைத் தூக்கிப் பார்த்து மோந்து பார்க்கும் அம்மாக்கள் செய்வதும் இதே அளவீடுதான், எண் மட்டும் இல்லை. பாக்டீரியா முதலில் குடியேறுவது செவுளிலும் தோலின் வழவழப்பிலும் குடலிலும் என்பதால், அவர்கள் பார்க்கும் இடமும் சரி.

இந்த ஆக்சைடுக்கு உறைபதனக் கிடங்கில் இன்னொரு முடிவு காத்திருக்கிறது. சில இன மீன்களின் உடலிலேயே உள்ள ஒரு நொதி, பாக்டீரியாவின் உதவியில்லாமல், ஆக்சைடை டைமெத்திலமீனாகவும் ஃபார்மால்டிஹைடாகவும் உடைக்கிறது. காட் வகை மீன்களிலும் பம்பாய் டக் போன்றவற்றிலும் இது நடக்கும். உறைந்த மீன் சில மாதங்களில் ரப்பர்போல ஆவதற்கு இது ஒரு காரணம். 2018இல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஃபார்மலின் கலந்த மீன் பற்றிய பீதி கிளம்பியபோது, இந்த விஷயம் அதிகம் பேசப்படவில்லை. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள் வெளியே கலந்த ஃபார்மலினைப் பிடிக்க மிகவும் உதவியது. ஆனாலும் மீனில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது என்பதாலேயே யாரோ ஊற்றினார்கள் என்று ஆகாது. எவ்வளவு இருக்கிறது, எந்த மீன், எவ்வளவு நாள் உறைந்திருந்தது என்பதைப் பார்த்துத்தான் குற்றம் சொல்ல முடியும். பிடிபட்ட சரக்கின் சொந்தக்காரரைத் தப்பவைக்க இதைச் சொல்லவில்லை. உண்மையில் கலப்படம் செய்தவர்கள் தப்பாமல் இருக்கவும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டு கிண்ணங்களுக்கு வருவோம். புளி வாடையை அடக்கியது, மீனின் நிலையை மாற்றவில்லை. கெட்டுப்போன மீனையும் கெட்டியான புளிக்கரைசல் நல்ல மீன்போல ஆக்கிக் காட்டும். டிரைமெத்திலமீன் அந்த அளவில் பெரிய விஷம் அல்ல. அதோடு கூடவே வளர்ந்திருக்கும் மற்றவைதான் ஆபத்து. அவற்றில் முக்கியமானது ஹிஸ்டமின், அதுவும் ஓர் அமீன். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற சிவந்த சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கோடெக்ஸ் உணவு விதிகள் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கின்றன. ஹிஸ்டமினுக்கு வாடை இல்லை. கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் உறையவைத்தாலும் டின்னில் அடைத்தாலும் அது அழிவதில்லை. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும், நெஞ்சு படபடக்கும். பலரும் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனையே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வாமை அல்ல, அன்றைக்கு வாங்கிய மீன் ஐஸ் காணாமல் கிடந்தது, அவ்வளவுதான். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ எதனால் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஆகவே புளி போடுவதற்கு முன் மூக்கு பேசட்டும். அதிலும் சூரை, கானாங்கெளுத்தி வாங்கும்போது மூக்கை மட்டும் நம்பாமல், ஐஸில் இருந்ததா என்று கண்ணாலும் பாருங்கள்.

மீனை விட்டு ஆலைக்குப் போனால் இதே பொருள் வேறொரு முகம் காட்டுகிறது. மெத்தனாலையும் அம்மோனியாவையும் சுமார் 400 டிகிரி வெப்பத்தில் அலுமினா கலந்த வினையூக்கியின் மேல் செலுத்தினால், மெத்தில், டைமெத்தில், டிரைமெத்தில் அமீன்கள் மூன்றும் ஒன்றாகவே உருவாகும். பிறகு வடித்துப் பிரிக்க வேண்டும். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில் இதற்குப் பெரிய ஆலைகள் உண்டு. டிரைமெத்திலமீனுக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் கோழித்தீவனம். அதோடு எத்திலீன் ஆக்சைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்தால் கோலின் குளோரைடு கிடைக்கிறது. கோலின் போதாத குஞ்சுகளுக்குக் கால் மூட்டு பிசகும், ஈரலில் கொழுப்பு சேரும். அதனால் தீவனத்தில் கலக்கிறார்கள். கோதுமைப் பயிர் உயரமாக வளர்ந்து சாயாமல் இருக்க மேலை நாடுகளில் தெளிக்கும் குளோர்மிக்வாட்டும் இதிலிருந்து வருவதுதான். மின் நிலையங்களின் கொதிகலன்களுக்கு உப்பு நீக்கிய தண்ணீர் தரும் பிளாண்ட்டுகளில் பயன்படும் அயனிமாற்று ரெசின்களிலும் இது பிணைக்கப்பட்டிருக்கிறது. ரெசின் சூடேறியோ பழையதாகியோ சிதையத் தொடங்கினால் தண்ணீரில் மீன் வாடை வரும். அங்கே வேலை செய்பவர்களுக்கு அதுதான் முதல் தகவல்.

ஆலையில் இதைக் கையாள்வது விளையாட்டல்ல. காற்றில் 2 முதல் 11.6 சதவீதம்வரை கலந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். காற்றைவிட இரு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி, தொலைவில் எரியும் நெருப்பைப் போய்த் தொடும். செம்பு, பித்தளை, துத்தநாகம் ஆகியவற்றை அரிக்கும் என்பதால் பித்தளை வால்வு வைக்கக் கூடாது. எட்டு மணி நேர வேலைக்கு 10 லட்சத்தில் 5 பங்கு, குறுகிய நேரத்துக்கு 15 பங்கு என்று அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு எல்லை வைத்திருக்கிறது. அதற்கு மேல் கண்ணும் தொண்டையும் எரியும். அதிகமானால் நுரையீரலில் நீர் கோக்கும். கண்ணில் திரவம் பட்டால் கருவிழி வெந்துவிடும். பட்ட நொடியே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவரிடம் போவது அதற்குப் பிறகு. கசிவைச் சுற்றித் தண்ணீரைத் தூவாணமாக அடித்தால் வாயு கரைந்து அடங்கும். ஆனால் அந்தத் தண்ணீரும் காரமானது, வாய்க்காலில் விடக் கூடாது. இந்த வாயுவுக்கு உள்ள ஒரே நல்ல குணம், ஆபத்தான அளவை எட்டுவதற்கு வெகு முன்பே அது தன்னைக் காட்டிக்கொடுப்பது. ஆனால் நாள் முழுக்க அதன் நடுவிலேயே நிற்பவரின் மூக்கு பழகிப்போய் மரத்துவிடும். எனவே தொழிலாளியின் மூக்கைக் கசிவு மணியாக வைத்துக்கொள்ளும் ஆலை, பாதுகாப்பான ஆலை அல்ல.

வீட்டுக்கும் ஒரு எச்சரிக்கை. மீன் வாங்காத நாளில் சுவிட்ச் போர்டு, பிளக், பல்பு ஹோல்டர் பக்கம் மீன் வாடை அடித்தால், அங்கே யூரியா ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக் சூடேறி அமீன் ஆவிகளை விடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே மெயினை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கோழிக்குத் திரும்புவோம். ஐரோப்பாவில் பழுப்பு முட்டையிடும் சில கோழிகளின் முட்டையில் மட்டும் மீன் வாடை வந்துகொண்டிருந்தது. மீன்தூள் போடாத தீவனத்திலும் வந்தது. கடுகினப் பிண்ணாக்கைக் கொடுத்தால் கூடியது. அந்தப் பிண்ணாக்கில் கோலின் அடங்கிய சினாபின் என்ற பொருள் இருக்கிறது. கோழியின் குடலிலுள்ள பாக்டீரியா அதிலிருந்து டிரைமெத்திலமீனைப் பிரித்தெடுக்கிறது. மற்ற கோழிகளின் உடல் அதை உடனே வாடையற்ற ஆக்சைடாக மாற்றி வெளியேற்றிவிடும். இந்தக் கோழிகளால் அது முடியவில்லை, அமீன் மஞ்சள் கருவில் போய்ச் சேர்ந்தது. எஃப்.எம்.ஓ.3 என்ற நொதியின் மரபணுவில் ஒரு பிழைதான் காரணம் என்று 2005இல் தெரியவந்தது.

அதே நொதி நம் கல்லீரலிலும் இருக்கிறது. முட்டை, ஈரல், சோயா, பருப்பு என்று நாம் தின்னும் பலவற்றில் கோலின் உண்டு. குடல் பாக்டீரியா அதிலிருந்து ஒவ்வொரு நாளும் டிரைமெத்திலமீனை உண்டாக்குகிறது. கல்லீரல் அதில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சைடாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. இந்த ஆக்சைடு ரத்தத்தில் அதிகமாக உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்தும் அதிகம் என்று 2011இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசனின் குழு எழுதியதிலிருந்து பெரிய விவாதம் நடக்கிறது. ஆனால் ரத்தத்தில் இதை மிக அதிகமாக ஏற்றுவது கடல் மீன்தான். மீன் தின்பவர்களுக்கோ இதய நோய் குறைவாகவே காணப்படுகிறது. இந்த முரண் தீராதவரை, இதற்குப் பயந்து மீனை விடச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் விஷயம் வேறு. எஃப்.எம்.ஓ.3 மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் பழுதாகவே வந்துசேர்ந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடலில் அமீன் ஆக்சைடாக மாறுவதில்லை. அது வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. டிரைமெத்திலமினூரியா என்பது அந்நிலையின் பெயர். மருத்துவ இதழில் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது 1970இல். காரணமான மரபணு தெரிந்தது 1997இல். மகாபாரதத்தில் மச்சகந்தி என்று பெயரெடுத்து, படகில் தனியாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்த செம்படவர் வீட்டுப் பெண்ணின் கதையை இந்த நோயைப் பற்றி எழுதும் மருத்துவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். அவளுக்குப் பராசர முனிவரின் வரம் கிடைத்தது, மீன் வாடை நீங்கியது. மற்றவர்களுக்குக் கிடைப்பது, குளிக்கவில்லையா என்ற கேள்வி.

இந்த நிலை உடையவர்களில் பலருக்குத் தம்மிடமிருந்து வரும் வாடை தமக்கே தெரியாது. எப்போதும் ஒரே அளவில் வருவதும் இல்லை; ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிக் கூடும். வகுப்பில் பக்கத்தில் உட்கார மறுப்பது, பேருந்தில் எழுந்து நகர்வது, அலுவலகத்தில் சென்ட் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுப் போவது என்று எல்லாம் நடக்கும். அவர்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பார்கள், காரமான சோப்பையே தேய்ப்பார்கள், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். மருத்துவரிடம் போகிற அன்றைக்கு வாடை இல்லாமல் இருந்தால், எல்லாம் உங்கள் கற்பனை என்று திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. இந்தப் பொருள் உடலுக்குச் செய்யும் தீங்கு அற்பம். சுற்றியிருப்பவர்கள் மனத்துக்குச் செய்யும் தீங்கு அப்படியல்ல. மன அழுத்தமும் ஊரைவிட்டு ஒதுங்குவதும் இந்நோயில் பதிவாகியிருக்கும் முக்கியத் துன்பங்கள்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சிறுநீரில் டிரைமெத்திலமீன் எவ்வளவு, அதன் ஆக்சைடு எவ்வளவு என்று அளந்து ஒப்பிட்டால் நோய் தெரிந்துவிடும். கடல் மீன், முட்டை மஞ்சள் கரு, ஈரல், சோயா போன்றவற்றை மருத்துவர் சொல்லும் அளவுக்குக் குறைத்தால் பலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது. குடல் பாக்டீரியாவை அடக்கக் குறுகிய கால மருந்துகள், ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் ஆகியவற்றையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். பி.எச். அளவு 5.5க்கும் 6.5க்கும் இடைப்பட்ட மென்மையான குளியல் கட்டி தோலிலுள்ள அமீனை உப்பாக்கிக் கழுவிவிடும். மீனுக்குப் புளி செய்யும் அதே வேலை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கோலினைத் தாமாகக் குறைக்கக் கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது தேவை.

பெண்கள் சொல்லத் தயங்கும் இன்னொரு நிலையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறப்புறுப்பில் மீன் வாடை வருவது பெரும்பாலும் அங்குள்ள நல்ல பாக்டீரியா குறைந்து வேறு இனங்கள் பெருகுவதால். அங்கும் வாடைக்குப் பொறுப்பு டிரைமெத்திலமீனே. மருத்துவர் அங்கிருந்து எடுத்த மாதிரியில் ஒரு சொட்டுக் காரக்கரைசலைச் சேர்த்து வாடை எழுகிறதா என்று பார்ப்பார். நம் சுண்ணாம்புக் கிண்ணச் சோதனையேதான். சில நாள் மருந்தில் குணமாகும். சோப்பும் திரவங்களும் விட்டு உள்ளே கழுவுவது அதைக் கூட்டவே செய்யும். அசுத்தத்தால் வந்தது என்று யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

உங்கள் வகுப்பில், வீட்டில், பணியிடத்தில் ஒருவரிடம் குளித்த பிறகும் மீன் வாடை தொடர்ந்து வந்தால், அவரிடம் சோப்பைப் பற்றிப் பேசாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, இது கல்லீரல் நொதி சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், சிறுநீரில் டிரைமெத்திலமீனும் அதன் ஆக்சைடும் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, மரபியல் பிரிவு உள்ள மருத்துவமனையில் கேளுங்கள் என்று சொல்லுங்கள். ஆசிரியர்களும் மருத்துவர்களும் இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.